இருக்கையிலிருந்தே புகார்: மைதானத்தின் குறுஞ்செய்திச் சேவை எப்படி இருக்கிறது?

நான் போகும் கால்பந்து மைதானத்தில் ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது இனவெறியோடு கத்தினால் கேலரி, வரிசை, இருக்கை எண் மூன்றையும் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். எழுந்து போக வேண்டாம், யாரையும் கைகாட்ட வேண்டாம். கிளப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி ஏற்பாடு பல இடங்களில் இருப்பதால், உங்கள் மைதானத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்த சீசனில் எனக்கு அதைப் பயன்படுத்த வேண்டி வந்தது. எதிரணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் த்ரோ எறிய எங்கள் பக்கம் வந்தார். இருபது வயதுகூட இருக்காது. பின்வரிசையிலிருந்து ஒருவர் குரங்குச் சத்தம் எழுப்பினார். சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். நான் செய்தி அனுப்பினேன். "பெறப்பட்டது" என்ற தானியங்கிப் பதிலுக்குப் பின், உண்மையான ஒரு மனிதர் "சட்டை என்ன நிறம்?" என்று கேட்டு எழுதினார். பதில் சொன்னேன்.

பணியாளர்கள் உடனே ஓடி வராதது முதலில் கோபமூட்டியது. அவர்கள் செய்ததுதான் சரி என்று பிறகு புரிந்தது. கேமராவை அந்த வரிசைமேல் திருப்பிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அதே ஆட்டக்காரர் மறுபடி கோட்டருகே வந்ததும் இவர் மறுபடி கத்தினார், அது பதிவானது. அப்புறம்தான் இரண்டு பேர் பக்கவாட்டுப் படி வழியாக வந்து அவரை வெளியே கூட்டிப்போனார்கள். புகார் சொன்னது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தச் சேவையின் முழு மதிப்பும் இதில்தான் இருக்கிறது. என்னைப் போன்ற கறுத்த தோல்காரர், தனியாக, தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் கேலரியில் எழுந்து பணியாளரிடம் நடந்து போவது சின்ன விஷயமில்லை. திரும்பி வந்து அதே இருக்கையில் உட்கார வேண்டும், ஆட்டம் முடிந்து அதே கூட்டத்தோடு வெளியேற வேண்டும். பலர் பல வருடம் வாய்மூடி இருந்ததற்கு அக்கறையின்மை காரணமில்லை, பயம்தான் காரணம்.

குறைகளும் உண்டு. மைதானம் நிரம்பினால் சிக்னல் திணறும், செய்தி தாமதமாகப் போகும். வெளியூர் ரசிகர்களுக்கான கேலரியில் இந்த எண் ஒட்டப்படவே இல்லை. கூட்டமாக மோசமான பாட்டுகள் கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான் என்று வழக்கமாக வருகிற எவருக்கும் தெரியும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதற்குப் பிறகு நடப்பதை யாரும் சொல்லாததுதான். மின்னஞ்சலில் கேட்டேன். தனிநபர் விவரம் தர இயலாது என்றார்கள். பெயர் எனக்கு வேண்டாம். தடை விதித்தார்களா, எத்தனை ஆண்டு, காவல்துறைக்குப் போனதா என்று மூன்று வரி எழுதினால் போதும். புகார் சொன்னவருக்கு முடிவு தெரியாவிட்டால், அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் கால்பந்து உலகம் இத்தனை காலமும் தடுமாறுகிறது. சேவையை மதிப்பிடும்போது அதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. தண்டனை அபத்தமாக இருந்தால் இந்தக் குறுஞ்செய்திக்கு அர்த்தமில்லை.

அபராதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2012 போட்டியில் இத்தாலியின் மரியோ பலோட்டெல்லியை இனவெறியோடு ஏசியதற்கும் பட்டாசு வீசியதற்கும் சேர்த்து குரோஷியாவுக்கு 80,000 யூரோ அபராதம் போட்டது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஏஃபா. அதே போட்டியில் டென்மார்க்கின் நிக்லஸ் பெண்ட்னர் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் போட்ட உள்ளாடைப் பட்டியைக் காட்டியதற்கு 1,00,000 யூரோவும் ஒரு ஆட்டத் தடையும். ஒரு மனிதனை மிருகமாக்குவதைவிட அனுமதியில்லாத விளம்பரம் பெரிய குற்றம் என்று அந்த இரண்டு எண்களும் சொல்லின. இப்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இனவெறிக் குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 50 லட்சம் சுவிஸ் ஃபிராங்காக உயர்த்தியிருக்கிறது (2025). வரவேற்கிறேன். ஆனால் அபராதத்தைக் கட்டுவது கிளப்போ சங்கமோதான். கத்தியவர் பாக்கெட்டிலிருந்து ஒரு காசு போகாது.

அடுத்தது கேலரியை மூடுவது. யூஏஃபா விதிப்படி முதல் குற்றத்துக்கு மைதானத்தின் ஒரு பகுதியை மூட வேண்டும். இரண்டாவதற்கு ஆளில்லாத ஆட்டமும் 50,000 யூரோ அபராதமும். 2023 மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா கிளப்புடைய மெஸ்டாயா மைதானத்தில் ரியல் மாட்ரிட்டின் வினிசியஸ் ஜூனியர் ஏசப்பட்டபோது, அங்கே ஒரு கேலரியை ஐந்து ஆட்டங்களுக்கு மூடச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அது மூன்றாகவும், 45,000 யூரோ அபராதம் 27,000 ஆகவும் குறைந்தது. அந்தக் கேலரியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். கத்தியவரைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். எல்லோரும் வெளியே.

ஹங்கேரியில் நடந்தது இன்னும் மோசம். யூரோ 2020-இல் அவர்களுடைய ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்துக்குத் தண்டனையாக, 2022 ஜூன் மாதம் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தை ரசிகர்கள் இல்லாமல் நடத்தச் சொன்னார்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிக்கலாம் என்று விதியில் இடமிருந்தது. சுமார் 30,000 பேர் வந்தார்கள். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் இனவெறிக்கு எதிராக முழங்காலிட்டபோது கேலரியிலிருந்து கூச்சல் எழுந்தது. இந்தத் தண்டனையிலிருந்து யார் என்ன கற்றார்கள்?

ஏசப்பட்டவருக்கே தண்டனை கிடைத்த கதைகளும் உண்டு. 2020 பிப்ரவரியில் போர்ச்சுகல் கிளப்பான போர்ட்டோவின் ஆட்டக்காரர் மூசா மரேகா ஏச்சு தாங்காமல் களத்தை விட்டு வெளியேறினார். நடுவர் அவருக்குக் காட்டியது மஞ்சள் அட்டை. மெஸ்டாயாவில் வினிசியஸுக்குக் காட்டிய சிவப்பு அட்டையைப் பிறகுதான் ரத்து செய்தார்கள். எத்தனை விதிகள் எழுதினாலும் களத்தில் நிற்கும் அந்த ஒரு ஆளின் இடத்திலிருந்து யோசிக்காவிட்டால் இப்படித்தான் முடியும்.

ஆளைக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு, அந்த ஆளைத் தண்டிப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. முடியாத காரியமில்லை. 2024 ஜூனில் மெஸ்டாயா வழக்கில் மூன்று பேருக்கு எட்டு மாதச் சிறையும், மைதானத்துக்குள் வர இரண்டு ஆண்டுத் தடையும் விதித்தது ஸ்பானிய நீதிமன்றம். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ரஹீம் ஸ்டெர்லிங், லண்டன் கிளப்பான செல்சியின் மைதானத்தில் ஏசப்பட்டபோது, குற்றவியல் வழக்குக்கு ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பு கைவிட்டது. கிளப் விடவில்லை. உதட்டசைவைப் படிக்கும் நிபுணர்களைக்கூட வைத்து விசாரித்து, ஒருவருக்கு வாழ்நாள் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில், எதிரணியான போர்ன்மத்தின் அன்டுவான் செமென்யோ ஏச்சைப் பற்றி நடுவரிடம் சொன்னதும் ஆட்டம் நின்றது. ஏசியதாகச் சொல்லப்பட்டவரை அடையாளம் கண்டு காவல்துறை மைதானத்தை விட்டு வெளியேற்றியது. செமென்யோ அன்று இரண்டு கோல் போட்டார்.

தடையின் அளவில் எனக்கு இங்கிலாந்துச் சட்டம் பிடித்திருக்கிறது. அங்கே நீதிமன்றம் விதிக்கும் கால்பந்துத் தடை மூன்று முதல் பத்து ஆண்டு. அணி வெளிநாட்டில் ஆடும்போது கடவுச்சீட்டைக்கூட ஒப்படைக்கச் சொல்லலாம். கூட்டமாகக் கத்தினால்தான் குற்றம் என்று 1991-இல் எழுதிய சட்டத்தை 1999-இல் திருத்தி, தனியாள் கத்தினாலும் குற்றம் என்றாக்கினார்கள். 2022-இலிருந்து இணையத்தில் ஆட்டக்காரர்களை இனவெறியோடு தாக்குபவருக்கும் அதே தடை விதிக்கலாம்.

முதல் தவறுக்கே வாழ்நாள் தடை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனை ஆயுளுக்கும் வெளியே தள்ளினால் அவன் மாறுவதற்கு என்ன காரணம் மிஞ்சும்? யூத வெறுப்புக்காகப் பிடிபடும் ரசிகர்களுக்குத் தடைக்குப் பதிலாகக் கல்வித் திட்டம் தரலாம், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருந்த இடத்துக்குக்கூட அழைத்துச் செல்லலாம் என்று 2018-இல் செல்சி அறிவித்தது. பதிலாக வேண்டாம், தடையோடு சேர்த்து என்றால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். தடைக்காலம் முடிந்து, அந்தப் படிப்பையும் முடித்தவர் திரும்பி வரட்டும். மறுபடி கத்தினால் வாழ்நாள் தடை, அதற்கு மறுப்பில்லை.

கிளப்புகளை விட்டுவிடலாம் என்றும் சொல்லவில்லை. தேடினார்களா, கேமராப் பதிவைக் கொடுத்தார்களா, தடை விதித்தார்களா என்று பார்க்க வேண்டும். தேடிக் கண்டுபிடித்துத் தண்டித்த கிளப்பின் கேலரியை மூடத் தேவையில்லை. தெரிந்தும் மூடி மறைத்த கிளப்புக்கு அபராதம் போதாது, புள்ளிகளைப் பறிக்க வேண்டும். ஏசிய ரசிகர்களின் அணி தானாகவே தோற்றதாக அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில், இத்தாலியின் உடினே நகரில் ஏசி மிலான் கோல்கீப்பர் மைக் மெய்ன்யான் ஏசப்பட்ட பிறகு, ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபன்டினோ கேட்டார். ஒரே ஒருவர் வாயைத் திறந்து ஒரு அணியைத் தோற்கடிக்க முடியும் என்றால் அது ஆபத்து. எதிரணி ரசிகர் டிக்கெட் வாங்கி நம் கேலரியில் உட்காருவது கடினமா என்ன? ஒரு கேலரியே சேர்ந்து பாடி, அறிவிப்புக்குப் பிறகும் நிறுத்தாமல், கிளப்பும் கைகட்டி நின்றால் மட்டும் அந்தத் தண்டனை சரி.

சேவைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். வெளியூர்க் கேலரியிலும் எண்ணை ஒட்டினால் நான்கு. முடிவைத் தெரிவித்தால் ஐந்து. உங்கள் மைதானத்தில் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே எண்ணைத் தொலைபேசியில் சேமித்துவிடுங்கள், இரண்டாம் பாதியில் சிக்னலை நம்ப முடியாது. செய்தியில் வரிசை எண்ணோடு, கேட்ட சொற்களை அப்படியே எழுதுங்கள், எத்தனையாவது நிமிடம் என்றும் குறிப்பிடுங்கள். பதிவில் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு அதுதான் உதவும்.