குப்பை லாரிக்கு டயர் பார்க்கும் மாதவரம் கடை: எட்டு மாதம் வேலை கொடுத்த பிறகு எழுதுகிறேன்

என்னிடம் ஏழு வண்டி இருக்கிறது. ஆறு சக்கர டிப்பர் நாலு, பத்துச் சக்கர டாரஸ் மூன்று. ஸ்டெப்னியையும் சேர்த்தால் 61 டயர். எல்லாமே சப்-கான்ட்ராக்டில் கொடுங்கையூர் கிடங்குக்குக் குப்பை அடிக்கிற வண்டிகள். டீசலுக்கு அடுத்தபடியாக என் காசைத் தின்றது டயர்தான். அதிலும் தேய்ந்து போய் மாற்றியது கொஞ்சம், வெட்டுப்பட்டும் வெடித்தும் பாதியிலேயே போனதுதான் அதிகம். பம்பாய்க்கு லோடு அடிக்கிறவர் டயரை மொட்டையாகும் வரை ஓட்டிவிடுவார், நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கிடங்குக்குள் ஏறினால் கண்ணாடி, கட்டில் கம்பி, இடித்த வீட்டுக் கம்பித் துண்டு, அப்புறம் எரித்த டயரிலிருந்து உதிர்ந்து கிடக்கும் முள் மாதிரியான கம்பி. அது இருப்பதிலேயே மோசம், கண்ணுக்கும் தெரியாது.

மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகிற வழியில் இருக்கிறது இந்த ரீட்ரெடிங் கடை, அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர்ப் பட்டை ஒட்டுகிற கடை. பஞ்சர் வேலையும் பார்க்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார், வருகிற வேலையையே முடிக்க முடியவில்லையாம். இந்தப் பக்கம் லாரி ஓட்டும் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

முதல் முறை போனது ஒரு எரிச்சலில். ஒரு டாரஸில் பின்பக்க ஜோடி டயரில் உள்பக்கம் இருக்கும் டயர் ஒரே வாரத்தில் மூன்று தடவை பஞ்சர். நான் வழக்கமாகக் கொடுக்கும் கடையில் ஒவ்வொரு தடவையும் ட்யூபை வெளியே எடுத்து, பேட்ச் ஒட்டி, காற்றடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை ராத்திரி இரண்டு மணிக்கு, லோடோடு, கிடங்குக்கு ஏறுகிற பாதையில் நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, டிரைவரும் கிளீனரும் அந்த நாற்றத்தில் ஜாக்கி போட்டிருக்கிறார்கள். அன்று ஒரு நடை போச்சு.

மறுநாள் அந்த டயரை இங்கே கொண்டுவந்தேன். அண்ணன் ட்யூபைத் தொடவே இல்லை. டயரை நிமிர்த்தி வைத்து, ஒரு பிடி காட்டன் வேஸ்டை எடுத்து உள்பக்கம் முழுக்க மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பஞ்சு நூல் மாட்டி நின்றது. அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, குறடால் இழுத்தார். கால் அங்குலம்கூட இருக்காது, குடைக் கம்பியின் உடைந்த முனை. வெளியே இருந்த பகுதி முறிந்து போய், உள்ளே நீட்டிக்கொண்டிருந்த நுனிதான் ஒவ்வொரு தடவையும் ட்யூபைக் குத்தியிருக்கிறது. "ட்யூபுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க தம்பி, டயரைப் பார்க்கலை" என்றார். வெறும் கையால் தடவினால் விரல் கிழியும், அதனால்தான் பஞ்சு. இந்தச் சின்ன வேலைக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. உங்கள் பஞ்சர் கடையில் இதைச் செய்கிறார்களா என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், தயவுசெய்து.

சரி, ரீட்ரெடிங் விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் செய்வது கோல்டு முறை. பழைய பட்டனை, அதாவது ரோட்டில் தேயும் மேல் ரப்பரைச் சீவி எடுத்து, காயம்பட்ட இடத்தை அடைத்து, குஷன் கம் என்கிற ஒட்டு ரப்பர் போட்டு, ஏற்கனவே வார்த்த ட்ரெட் பட்டையைச் சுற்றி ஒட்டி, உறை மாட்டிச் சேம்பரில் வேக வைக்கிறார்கள். சூடு ஏறத்தாழ 100 டிகிரிதான். ஹாட் முறையில் அச்சுக்குள் வைத்து 150 டிகிரி பக்கம் போவார்கள். சூடு குறைவு என்பதால் கோல்டில் கேசிங், அதாவது பட்டைக்கு அடியில் இருக்கும் டயரின் உடம்பு, அவ்வளவாக அடிபடாது, நல்ல கேசிங் என்றால் இரண்டாவது தடவையும் பட்டை ஒட்டலாம். 10.00 ஆர் 20 ரேடியல் புதிதாக வாங்கினால் எனக்கு 20 ஆயிரத்துக்கு மேல் ஆகிறது, இங்கே ரீட்ரெடிங் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிகிறது. ட்ரெட் ரப்பர் நமக்குப் புது விஷயமும் இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்கிற கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயருக்கு வருவதற்கு முன்பே 1952-ல் ட்ரெட் ரப்பரில்தான் இறங்கியது. இதே வடசென்னைதான்.

எனக்குப் பிடித்தது, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடை இது. நான் முதலில் கொண்டுபோன 22 கேசிங்கில் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு கடையில் இருபத்திரண்டையும் வாங்கிப் போட்டுக் காசு பார்த்திருப்பார்கள். ஏன் என்று கேட்டேன். ஒன்றை எடுத்துப் பக்கச் சுவரின் உள்பக்கத்தைக் காட்டினார். சுற்றிலும் ஒரு கறுத்த வளையம், தொட்டால் ரப்பர் தூள் கையில் ஒட்டியது. காற்றில்லாமல் ஓட்டிய டயர், உள்ளே வெந்துவிட்டது, இதன் மேல் பட்டை ஒட்டினால் ரோட்டில் யார் தலையிலாவது வெடிக்கும் என்றார். ஒன்பதில் ஏழு அந்த மாதிரி.

அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டார்: "பஞ்சர் ஆனா டிரைவர்கிட்ட காசு பிடிக்கிறீங்களா?" பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கவனமாக ஓட்டுவார்கள் என்று நினைத்துப் பேட்டாவில் கழித்தேன். நடந்தது வேறு. உள் டயர் இறங்கியது தெரிந்தும், சொன்னால் காசு போகுமே என்று அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். ஜோடியில் ஒன்று இறங்கினால் மொத்தப் பாரமும் பக்கத்து டயரில், இறங்கினது நசுங்கி வேகும், தாங்குவதும் சீக்கிரம் போகும். முன்னூறு ரூபாய் பஞ்சருக்குப் பயந்து கேசிங்கையே எரித்திருக்கிறோம். அன்றோடு அந்தப் பிடித்தத்தை நிறுத்தினேன். அந்தப் பையன்கள் ராத்திரியெல்லாம் அந்தப் புகையில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களிடம் பிடித்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து காற்று. லிவரால் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்லும் பழக்கம் எங்கள் ஷெட்டிலும் உண்டு. சுத்தமாக இறங்கினதைத்தான் அதில் கண்டுபிடிக்கலாம், 110 பி.எஸ்.ஐ. காற்றுக்கும் 80-க்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலே அதைப் பஞ்சர் ஆன டயராகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார். உள் டயருக்கு வெளியிலிருந்தே காற்றுப் பார்க்க வால்வு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தார். இப்போது காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, கிளீனர் கேஜ் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறான். ஓடிச் சூடான டயரில் காற்று கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டு இறக்கிவிடக் கூடாது. மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும், அதே அளவு குப்பை தண்ணீர் குடித்து நல்ல எடை ஏறிவிடும்.

எட்டு மாதக் கணக்கு: மாதத்துக்கு இருபதுக்குக் குறையாமல் வந்த பஞ்சர் இப்போது ஏழெட்டு. பட்டை ஒட்டிய 13 டயரில் 12 இன்னும் ஓடுகிறது. ஒன்று பக்கவாட்டில் கம்பி கிழித்துப் போனது, அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் பின்பக்கம்தான், முன்னால் ஸ்டியரிங்குக்குப் புது டயர் மட்டுமே போடச் சொல்வார், நாம் கேட்டாலும் ரீட்ரெட் மாட்டித் தர மாட்டார். பின்னால் கட்டைப் பட்டன் போடச் சொன்னதும் அவர்தான். ரப்பர் ஆழம் அதிகம், சின்னச் சின்னக் கம்பி உள்ளே போய்ச் சேராது.

டயருக்குள் ஊற்றும் பஞ்சர் ஜெல்லைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். இரண்டு வண்டியில் ஊற்றிப் பார்த்தேன். ஆணி குத்தினால் அடைக்கிறது, உண்மை. பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது, நமக்கு அதுதான் அதிகம். ரீட்ரெடிங்குக்குக் கொண்டுபோனபோது உள்ளே வழவழவென்று இருந்ததைக் கழுவித் துடைக்கவே கடைப் பையனுக்கு அரை நாள் ஆனது. நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டயரைப் பிடித்துவைக்கத் தனி இரும்பு வளையம் (ரிங்) மாட்டும் டிஸ்கில் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்கிறார்கள். ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம். ரோட்டோரக் கடைகளில் டயரைத் தரையில் போட்டு அதன் மேலேயே ஏறி நின்று காற்றடிக்கும் சின்னப் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன நாளில் டயர் கிடைக்காது. மூன்று நாள் என்றால் ஆறு நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கையில் நாலு டயர் உபரியாக இல்லையென்றால் வண்டி நிற்கும். ராத்திரி கடை கிடையாது, நமக்குப் பஞ்சர் ஆவதோ ராத்திரியில். வண்டி நிற்கிற இடத்துக்கு ஆள் அனுப்புவதும் இல்லை. பில் கேட்டு வாங்க வேண்டும், தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் மணல் வண்டிகள் வந்து வரிசை கட்டிவிடும். கேசிங்கைக் கழுவிக் கொண்டுபோங்கள். குப்பைத் தண்ணீரோடு அப்படியே இறக்கினால் அண்ணன் திட்டுவார், அதைக் கையால் தடவிப் பார்ப்பது அவருடைய ஆட்கள்.