“டேட்டா வரலைன்னா காசே வேணாம்” என்று சொல்லும் கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்கும் முன்

மதுரைப் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரரின் 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தது. செருகினால் டிரைவ் வந்தது. ஃபோல்டரைத் திறந்தால் ஹேங் ஆனது, இடையிடையே டக்... டக்... என்று சத்தம். உள்ளே ஒரு கல்யாணத்தின் முழுப் படங்களும் இருந்தன, வேறு காப்பி இல்லை. ஊரில் இருந்த சர்வீஸ் கடையில் “டேட்டா வரலைன்னா காசே வேணாம் சார்” என்று சொல்லி வாங்கி வைத்தார்கள். முதலில் செக்கிங் என்று 1,500 ரூபாய். நான்காம் நாள் ஃபைல் பட்டியலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, “எல்லாம் வந்துடுச்சு, 18,000 கட்டுங்க” என்றார்கள். கட்டினார். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஃபைல் பெயர்கள் சரி, அளவும் சரி, ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

பட்டியல் வந்தால் படமும் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல் பெயர், அளவு, தேதி எல்லாம் எம்எஃப்டி என்ற அட்டவணையில் தனியாக இருக்கும், படத்தின் உள்ளடக்கம் டிஸ்க்கின் வேறு இடங்களில் இருக்கும். அட்டவணை மட்டும் படிக்க முடிந்தால் பெயர்கள் அழகாக வந்துவிடும். படிக்க முடியாத இடத்தைப் பல மென்பொருள்கள் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். இவருக்கு வந்த படம் ஒன்றை, ஃபைலின் உள்ளடக்கத்தை எண்களாகக் காட்டும் ஹெச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தபோது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 00 00 00 தான். பணம் கட்டும் முன் அவர்கள் கடையிலேயே உட்கார்ந்து, வெவ்வேறு ஃபோல்டரிலிருந்து நீங்களே பொறுக்கிய இருபது ஃபைல்களையாவது முழுதாகத் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கைத் திரும்ப வாங்கியபோது மேல் ஸ்டிக்கரில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகைக் கழற்றினால்தான் மூடி திறக்கும், அதற்குக் குத்திய ஓட்டை அது. ஒரு திருகு காணோம். முறையான ரெக்கவரி லேபில் திறந்தபோது உள்ளே டேட்டா பதியும் தட்டின் ஓரத்தில் விரல் ரேகை, நடுவில் மெல்லிய வட்டக் கீறல். கீறிய இடத்தில் காந்தப் பூச்சே போய்விட்டது. இனி எந்த லேபாலும் அந்தப் பகுதியைக் கொண்டுவர முடியாது.

டேட்டாவைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தூசியும் விரல் எண்ணெயும் அதற்குப் பெரிய பாறை. ஃபேனுக்கு அடியில் மேசையில் வைத்துத் திறப்பது ரிப்பேர் அல்ல. ஹெட் மாற்ற, வடிகட்டிய காற்று வீசும் கிளீன் பெஞ்ச் வேண்டும், அதே மாடலில் ஹெட் அமைப்பு பொருந்தும் இன்னொரு டிஸ்க் வேண்டும், ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தாங்கும் சீப்பு போன்ற கருவி வேண்டும். இது எதுவும் இல்லாத இடத்தில் மூடியைத் தொட விடாதீர்கள்.

“போர்டு மாத்தினா போதும்” என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய டிஸ்க்குகளின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டில் பெரும்பாலும் எட்டுக் கால் வைத்த சின்ன ரோம் சிப் ஒன்று இருக்கும், அந்த டிஸ்க்குக்கு மட்டுமே உரிய அளவீடுகள் அதில். அதை மாற்றிப் பற்றவைக்காமல் வேறு போர்டு போட்டால் வேலை செய்யாது. டபிள்யூடி மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் யுஎஸ்பி போர்ட் போர்டிலேயே இருக்கிறது, டேட்டாவும் அந்தப் போர்டு வழியாகவே என்கிரிப்ட் ஆகிறது, அதாவது நேரடியாகப் படிக்க முடியாத வடிவுக்கு மாறுகிறது. பழைய போர்டைத் தொலைத்தால் மீட்பது மிகக் கடினம்.

கொடுக்கும் முன் லேபிளில் உள்ள சீரியல் நம்பர், போர்டில் அச்சிட்ட எண், நான்கு பக்கத் திருகுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ரசீதில் சீரியல் நம்பரோடு “உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது” என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையிலிருந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டக் டக் சத்தமோ பீப் சத்தமோ கேட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள், ‘இன்னொரு தடவை’ என்று செருகிப் பார்க்க வேண்டாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொன்னால் கேன்சல். விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க் கூடாது, அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதும்.

சத்தம் எதுவும் இல்லை, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5, சி6 (படிக்கச் சிக்கலான பகுதிகளின் எண்ணிக்கை) மட்டும் ஏறியிருக்கிறது என்றால் நீங்களே முயலலாம். ஆனால் ரெக்கவரி மென்பொருளை நேராக அந்த டிஸ்க்கில் ஓட்டாதீர்கள். ஸ்டுடியோக்காரரின் டிஸ்க்கைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு: அடிபட்ட ஹெட்டோடு கடையில் மூன்று நாள் விடாமல் ஸ்கேன். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முதலில் குளோன், அதாவது டிஸ்க்கின் முழு நகல், எடுங்கள். இலக்கு டிஸ்க் அதே அளவோ பெரிதோ இருக்கட்டும், எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். முதல் ஓட்டத்தில் நல்ல பகுதிகளை மட்டும் எடுத்து, மோசமான இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். அவற்றை இரண்டாம் ஓட்டத்தில் மூன்று முறை வரை முயலலாம். மேப் ஃபைல் இருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலமும் இலக்கும் மாறிவிட்டால் எல்லாம் அழியும், சீரியல் நம்பரை இரண்டு தடவை சரிபாருங்கள். மீட்பு வேலை முழுக்கக் குளோனில்தான்.

பேக்கப் என்றால் மூன்று பிரதி: வேலை செய்யும் டிஸ்க், காப்பி முடிந்ததும் கழற்றி வைக்கும் இன்னொரு டிஸ்க், வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ ஒன்று. கூகுள் டிரைவ் சிங்க் மட்டும் போதாது. கணினியில் அழிந்தது அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு கணினிக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், படம் இரண்டு டிஸ்க்கில் ஏறித் திறந்து பார்க்கும் வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்யவே கூடாது.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ விவரம், டிஸ்க் நான்கையும் பத்திரமாக வையுங்கள்.

அந்த ஸ்டுடியோவில் வரவேற்பு மாலைக்குப் பயன்படுத்திய கார்டு கேமராவில் ஃபார்மேட் ஆகியிருந்தாலும், அதன் மேல் புதிதாக எதுவும் எடுக்கவில்லை. அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் கொண்டு அந்தப் படங்களை மீட்டாயிற்று. முகூர்த்தக் கார்டில் அடுத்த வாரமே இன்னொரு கல்யாணம் எடுத்திருந்தார்கள்.