குலசேகரம் ரப்பர் கடையில 5 வருசமா ஓடுற நேட்டிவ் எக்ஸி – எனக்க அனுபவம்

குலசேகரத்துல ரப்பர் ஷீட் எடுக்கிற ஒரு கடைக்கு நான் எழுதிக் குடுத்த பில்லிங் புரோகிராம் 2020 கடைசியில இருந்து நேட்டிவ் எக்ஸியா, அதாவது ஜாவா இல்லாமலே விண்டோஸ்ல நேரா ஓடுற ஃபைலாத்தான் ஓடிட்டு இருக்கு. எழுதினது ஜாவாவுல, ஆனா அந்தக் கடை கம்ப்யூட்டர்ல ஜாவாவே கெடையாது. ஆரக்கிளோட கிரால்விஎம்ங்கிற ஜாவா தொகுப்புல இருக்கிற நேட்டிவ் இமேஜ்ங்கிற டூல் வச்சு கம்பைல் பண்ணினது. 5 வருசம் ஆச்சு, இதைப் பத்தி ஒரு தடவை முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், ஏன்னா நெட்ல பாக்கிறது எல்லாம் ஒரு ஹலோ வேர்ல்ட் அடிச்சு பாத்தியா எவ்வளவு வேகம்னு முடிச்சிடுறாங்க, கடையில கொண்டு வச்ச பொறவு என்ன ஆகும்னு யாரும் சொல்லல.

மொதல்ல ஏன் மாறினேன்னு சொல்லிடுறேன். அந்தக் கடையில காலையிலதான் கூட்டம், ஷீட்டு கொண்டு வாறவங்க ஆட்டோல, பைக்ல கட்டிக் கொண்டு வந்து தராசுல போடுவாங்க, எடை நேரா கம்ப்யூட்டருக்கு வரும், கிரேடு போட்டு சீட்டு அடிச்சுக் குடுக்கணும். நம்ம மலையோரப் பக்கம் மழைக்காத்து அடிச்சா கரண்டு போவும் வரும், யுபிஎஸ் பேட்டரி எப்பமோ செத்துப் போச்சு. ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் எழும்பி வந்து அதுக்குப் பொறவு ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம் எழும்பி கிளாஸ் எல்லாம் லோடு பண்ணி ஸ்விங் (ஜாவாவோட ஸ்கிரீன் லைப்ரரி) விண்டோ தெரியறதுக்குள்ள அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்ல இருபது செகண்டுக்கு மேல போயிரும். கேட்டா சின்ன விசயம்தான், ஆனா தராசுல ஷீட்டு கெடக்கும்போ நாலு பேரு நம்ம மொகத்தைப் பாத்துட்டு நிக்கிற இருபது செகண்டு ரொம்பப் பெருசு. இது போக, யாரோ ஒரு சர்வீஸ் பையன் சிஸ்டத்தை ஃபார்மேட் அடிச்சிட்டுப் போனா ஜாவா காணாமப் போயிரும், பொறவு நான் மார்த்தாண்டத்துல இருந்து பஸ் ஏறிப் போவணும்.

இங்க ஒரு கொழப்பம் நெறைய பேருக்கு இருக்கு, ஜாரை (ஜாவா புரோகிராம் அடங்கின ஃபைல்) எக்ஸியா மாத்துறதுன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனக்கிறாங்க. லாஞ்ச்4ஜேங்கிற டூல் ஜாருக்கு மேல ஒரு உறை போடுது, அவ்வளவுதான், ஜாவா தேவைதான். ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 16-ல இருந்து நிலையா வந்த ஜேபேக்கேஜ் ஜாவா ரன்டைமையும் கூடவே பொட்டலம் கட்டிக் குடுக்கும், உள்ள ஓடுறது அதே ஜேவிஎம். நேட்டிவ் இமேஜ்ல ஜேவிஎம் படிக்கிற பைட்கோடே இருக்காது, முன்கூட்டியே நேரா மெஷின் கோடா மாத்தி, குப்பை அள்ளுற கலெக்டர், த்ரெட் பாக்கிற வேலை எல்லாத்துக்கும் ஒரு சின்ன ரன்டைமையும் உள்ளேயே சேத்து ஒத்த ஃபைலாத் தரும்.

ஐடியா புதுசு இல்ல. குனு காரங்க அவங்க ஜிசிசி கம்பைலர்ல ஜிசிஜேன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, 2017-ல ஜிசிசி 7 வந்தப்போ எடுத்துட்டாங்க. நோவோசிபிர்ஸ்க்ல இருந்து எக்ஸெல்சியர் ஜெட்னு ஒண்ணு வந்துச்சு, காசு குடுத்து வாங்கணும், 2019-ல அதையும் நிப்பாட்டிட்டாங்க. ஜேடிகே 9-ல ஜேஏஓடிசின்னு ஒண்ணு சோதனையா வச்சாங்க, ஜேடிகே 17-ல அதுவும் போச்சு. கிரால்விஎம்மோட மொதல் புரொடக்‌ஷன் வெர்ஷன் 19.0 வந்தது 2019 மே. இத்தனை பேரு விட்டுட்டுப் போன எடத்துல இது நிக்குமான்னு எனக்கு பயம் இருந்துச்சு, ஜாவாவுல நெறைய பேரு பயன்படுத்துற ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3 வந்து 2022-ல நேட்டிவ் சப்போர்ட்டை உள்ளேயே குடுத்த பொறவுதான் நிம்மதி. சொல்லப்போனா நம்ம கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன் 2014-லயே லாலிபாப்ல இந்த வேலையப் பாத்துது, அப்பமெல்லாம் அப்டேட் ஆனதும் ஆப் எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு கெடக்குமே, அதான் இது.

இனி முக்கியமானது. நேட்டிவ் இமேஜ் மெயின் மெத்தட்ல இருந்து தொடங்கி எதெதெல்லாம் கூப்பிடப்படும்னு தேடிட்டே போவும், அது தொட்டது மட்டும் உள்ள வரும், தொடாதது வெளிய. ரன் ஆகும்போ புதுசா ஒரு கிளாஸ் வந்து சேர முடியாது. கிளாஸ் பேரை எழுத்தா வச்சு ரிஃப்ளெக்‌ஷன்ல எடுக்கிறதெல்லாம் அதுக்கு கண்ணுக்குத் தெரியாது, நாமதான் லிஸ்டு குடுக்கணும். லிஸ்டை கையால எழுத முடியாதவங்களுக்கு ஒரு டிரேசிங் ஏஜென்ட் இருக்கு, சாதாரண ஜேவிஎம்ல புரோகிராமை ஓட்டும்போ அது கூடவே உக்காந்து என்னென்ன ரிஃப்ளெக்‌ஷன், ஜேஎன்ஐ (ஜாவாவுல இருந்து சி மாதிரி வேற மொழிக் கோடைக் கூப்பிடுற வழி), ரிசோர்ஸ் பயன்படுதுன்னு குறிச்சு வைக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நாம தொட்டதை மட்டும்தான் குறிக்கும்.

நான் வீட்டுல இருந்து ஏஜென்ட் ஓட்டினேன். ஷீட் என்ட்ரி போட்டேன், சீட்டு அடிச்சேன், ரிப்போர்ட் பாத்தேன், எல்லாம் சரி. பில்ட் எடுத்து கடையில வச்சாச்சு. ரெண்டாம் நாள் காலையில கடைக்கார அண்ணன் போன்.

"தம்பி, நீ குடுத்த புதுசுல ஒட்டுப்பாலுக்கு சீட்டு அடிச்சா பேரு மட்டும் வருது, எடையும் காணல்ல ரூபாயும் காணல்ல, கொண்டு வந்த ஆளு இங்க நின்னு என்னையப் பாக்காரு."

ஒட்டுப்பால்னா சிரட்டையில மிஞ்சி உறைஞ்சு கெடக்கிற ரப்பர், அதுக்கு கிரேடு கெடையாது, வேற வெலை, அதனால நான் தனி கிளாஸ் எழுதியிருந்தேன். ஏஜென்ட் ஓடினப்போ நான் ஒட்டுப்பால் பட்டனை அமுக்கவே இல்ல. டேட்டாவை ஜேசன் எழுத்தா மாத்துற ஜிசன் லைப்ரரி அந்தக் கிளாஸ்ல என்ன ஃபீல்டு இருக்குன்னு ரிஃப்ளெக்‌ஷன்ல கேட்டுருக்கு, ஒண்ணும் இல்லன்னு பதில் வந்துருக்கு, அதுவும் ரெண்டு வெறும் பிராக்கெட்டை அனுப்பிட்டு சும்மா இருந்துட்டு. எரர் இல்ல, லாக்ல ஒரு வரி இல்ல. டேட்டாபேஸ்ல எடை சரியா இருந்துச்சு, அதுதான் அன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு. கிராஷ் ஆகிருந்தா அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிருப்பேன், இப்படி அமைதியா காலியா வந்ததுல அரை நாள் போச்சு.

அதுக்குப் பொறவு நான் பண்ணினது, லேப்டாப்பைத் தூக்கிட்டு கடைக்கே போயி, அவருக்க மேசையில வச்சு, நெஜ தராசை சீரியல் கேபிள்ல மாட்டி, காலையில இருந்து மதியம் வரைக்கும் உண்மையான வியாபாரத்தை ஏஜென்ட்டோட ஓட்டினேன். எனக்க புரோகிராம்ல தராசு மாட்டினாத்தான் சீரியல் கேபிளைப் படிக்கிற ஜேசீரியல்காம் லைப்ரரி தன்னோட நேட்டிவ் லைப்ரரியை லோடு பண்ணி ஜேஎன்ஐ வழியா கூப்பிடும், அப்பந்தான் அதுவும் லிஸ்டுல ஏறும். அட்வான்ஸ் கழிக்கிறது, கேன்சல் பண்றது, பிரிண்டர்ல பேப்பர் தீந்தா வாற மெசேஜ், எல்லாத்தையும் அவரே ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி அமுக்க வச்சாரு. ஏஜென்ட்ல பழைய லிஸ்டோட புதுசையும் சேக்கிற மெர்ஜ் ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டா ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து தொடங்க வேண்டாம். புது வெர்ஷன்கள்ல எக்ஸாக்ட் ரீச்சபிலிட்டி மெட்டாடேட்டான்னு ஒரு ஆப்ஷன் வந்துருக்கு, லிஸ்டுல இல்லாததைத் தொட்டா சும்மா இருக்காம நேரா எரர் போடும். தயவு செஞ்சு அதைப் போட்டு டெஸ்ட் பண்ணுங்க.

ரெண்டாவது அடி 2022 ஏப்ரல் 1. பில் நம்பருக்கு முன்ன நிதியாண்டு வரணும், அதை ஒரு ஸ்டாட்டிக் ஃபைனல்ல (ஒரு தடவை கணக்கானா பொறவு மாறாத மதிப்பு) கணக்குப் போட்டு வச்சிருந்தேன், ஜேவிஎம்ல தெனமும் புரோகிராம் தொறக்கும்போ அது புதுசா கணக்காகும், தப்பே வராது. நேட்டிவ்ல ஸ்டார்ட்டப் இன்னும் கொறையட்டும்னு ஆசைப்பட்டு எனக்க பேக்கேஜ் மொத்தத்தையும் பில்ட் டைம்லயே இனிஷியலைஸ் பண்ணச் சொல்லி ஆப்ஷன் குடுத்துருந்தேன். பில்ட் எடுத்தது மார்ச்ல. அப்பம் கணக்கான 21-22 அப்படியே எக்ஸிக்குள்ள உறைஞ்சு போச்சு, ஏப்ரல் 1 காலையில அடிச்ச பில் எல்லாம் பழைய வருசத்துல விழுந்துச்சு, மொத பத்து சீட்டைத் திரும்ப வாங்கி வேற எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. இது டூலோட தப்பு இல்ல, சும்மா விட்டா நம்ம கிளாஸ் எல்லாம் ரன் டைம்லதான் இனிஷியலைஸ் ஆகும், நான்தான் மாத்தினேன். தேதி, பாத், பயனர் பேரு, இதெல்லாம் ஸ்டாட்டிக்ல இருந்தா அந்த ஆப்ஷன் பக்கமே போகாதீங்க.

மூணாவது 2023-ல. அந்த ஜூன்ல ஆரக்கிள் கிரால்விஎம்மை புரொடக்‌ஷனுக்கும் இலவசமாப் பயன்படுத்துற லைசென்ஸ் வந்துச்சு, சந்தோசமா புது வெர்ஷனுக்கு மாறி பில்ட் எடுத்தா எனக்க லேப்டாப்ல பறக்குது, கடை மெஷின்ல தொறக்கவே இல்ல, இந்த மெஷின்ல தேவையான சிபியு வசதிகள் இல்லன்னு ஒரு வரி எழுதிட்டு மூடிடுது. கடையில இருக்கிறது 2012 வாக்கில வாங்கின பென்டியம், அதுல ஏவிஎக்ஸ் 2-ங்கிற சிபியு கட்டளைத் தொகுப்பு கெடையாது. புது வெர்ஷன்ல டீஃபால்ட்டே எக்ஸ்86-64 வி3 லெவல், அதாவது ஏவிஎக்ஸ் 2 உள்ள சிபியுன்னு ரிலீஸ் நோட்ஸ்ல தெளிவா இருந்துச்சு, நான் படிக்கல. எந்த சிபியுக்குன்னு சொல்ற -march ஆப்ஷன்ல கம்பேட்டிபிலிட்டின்னு குடுத்து திரும்ப பில்ட் எடுத்தேன், ஓடிச்சு. யோசிச்சா இதுலதான் ஜேவிஎம்முக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் நல்லாப் புரியும், ஜேவிஎம் போய் எறங்கின எடத்துல என்ன சிபியு இருக்குன்னு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி கம்பைல் பண்ணிக்கும், இது வீட்டுலயே சமைச்சு கட்டிக் குடுத்த சாப்பாடு, அங்க போயி ஒண்ணும் மாத்த முடியாது.

சின்னச் சின்னதா இன்னும் கொஞ்சம். ரிப்போர்ட் அடிக்கிற ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் லைப்ரரியை விட்டுட்டேன், அது டிசைனை ரன் டைம்ல ஜாவா கிளாஸா கம்பைல் பண்ணி லோடு பண்ற ஆளு, இங்க அது நடக்காது, பிரிண்டருக்கு நேரா கமாண்ட் அனுப்புற மாதிரி மாத்தியாச்சு. ஸ்விங்கையும் விட்டு, எக்ஸிக்குள்ள ஒரு சின்ன ஹெச்டிடிபி சர்வர் வச்சு ஸ்கிரீனை பிரவுசர்ல காட்டுறேன். ஸ்விங்தான் வேணும்னா பெல்சாஃப்டோட லைபெரிகா நேட்டிவ் இமேஜ் கிட்ல அதுக்கு சப்போர்ட் இருக்கு. தமிழ் மாசப் பேரு வரணும்னா லொக்கேல் (மொழி, நாடு அமைப்பு) லிஸ்டுல தமிழைச் சேக்கணும், இல்லன்னா பில்ட் எடுத்த மெஷினோட லொக்கேல் மட்டும்தான் உள்ள வரும். விண்டோஸ் எக்ஸி வேணும்னா விண்டோஸ்லதான் பில்ட் எடுக்கணும், விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் வேணும், கடை மெஷின்ல விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கணும், அதனால ஒத்த ஃபைல் போதும்னு சொல்றது விண்டோஸ்ல முழுசா உண்மை இல்ல. பில்ட் மெமரியத் திங்கும், 8 ஜிபி லேப்டாப்ல குரோமை மூடி வச்சுத்தான் எடுப்பேன், 16 போட்ட பொறவுதான் மூச்சு விட்டேன். கோடை யாரும் பிரிச்சுப் படிக்க முடியாதுன்னு நம்பி பாஸ்வேர்டை உள்ள எழுதாதீங்க, ஸ்டிரிங் எல்லாம் அப்படியே தெரியும்.

பலன் என்னன்னா, கடையில டபுள் கிளிக் பண்ணி நான் விரலை எடுக்கிறதுக்குள்ள சர்வர் எழும்பிடுது, பிரவுசர் தொறக்கிற நேரம்தான் மிச்சம். 2 ஜிபி மெஷின்ல மெமரியும் பழைய ஜார் தின்னதுல ஒரு சின்னப் பங்குதான். இந்த 5 வருசத்துல ஜாவா இல்லன்னு ஒரு போன் வரல.

ஆனா எல்லாத்துக்கும் இதைப் போடல. நாகர்கோவில்ல ஒரு மொத்தக் கடையில சர்வர் நாள் பூரா ஓடுது, மாசக் கடைசியில மூணு வருசக் கணக்கைப் போட்டுப் பெரட்டும், அங்க நேட்டிவ்ல வச்சுப் பாத்தேன், எழும்புறது வேகம், ஆனா பெரிய ரிப்போர்ட் ஜேவிஎம்லதான் சீக்கிரம் முடியுது. ஜேவிஎம்ல இருக்கிற ஜிட் கம்பைலர் ஓட ஓட, அடிக்கடி ஓடுற சூடான எடத்தைப் பாத்து இழைக்கும், முன்கூட்டியே கம்பைல் பண்றதுக்கு அந்தத் தகவல் இல்ல. பிஜிஓன்னு புரொஃபைல் எடுத்துக் குடுத்து மறுபடி பில்ட் பண்ற வழி இருக்கு, ஆனா அங்க மாசத்துக்கு ஒரு தடவை கூட ரீஸ்டார்ட் கெடையாது, பொறவு எதுக்கு. அங்க ஜார்தான், அப்படியே கெடக்கட்டும்.

அடுத்தது தோவாளையில ஒரு பூக்கடை கேட்டுருக்காங்க. அங்க வியாபாரம் விடியக்காலம், முழம், கிலோ, சாக்கு எல்லாம் கலந்து போவும், வீட்டுல உக்காந்து எல்லா பட்டனையும் என்னால யோசிக்க முடியாது. ஏஜென்ட் ஓட்டணும்னா மார்த்தாண்டத்துல இருந்து 3 மணிக்கே கெளம்பணும். லேப்டாப் சார்ஜர் எல்லாம் எடுத்து வச்சாச்சு, வர்ற வியாழக்கிழமை போறேன்.