டெம்ப்ளேட் ரெஸ்யூமேவா, சாதா ரெஸ்யூமேவா?

ரெஸ்யூமேவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்கு வருபவை பெரும்பாலும் இரண்டே ஜாதி. ஒன்று, இணையத்தில் கிடைக்கும் அலங்கார டெம்ப்ளேட். செய்தித்தாள் போல இரண்டு பத்தி, இடப்பக்கம் நிறம் பூசிய பட்டை, அதில் வட்டமாக ஒரு போட்டோ, ஒவ்வொரு திறமைக்கு நேராகவும் ஐந்தில் நான்கு புள்ளி. இன்னொன்று, மேலிருந்து கீழே ஒரே பத்தியாக ஓடும் சாதா வேர்டு ஃபைல். முதலாவதை நான் மூன்று வருடம் வைத்துக்கொண்டு அலைந்தேன். இப்போது இரண்டாவதில் இருக்கிறேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அழகில் டெம்ப்ளேட்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. எழுத்துப்பிழையும் பொய்யும் எதில் எழுதினாலும் தப்புதான், அதையும் விட்டுவிடலாம்.

பலரும் முதலில் கேட்பது ஏ.டி.எஸ். பற்றி. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களைத் திரட்டி, பிரித்து, தேட வசதியாக அடுக்கி வைக்கும் மென்பொருள் அது. ஏதோ அரக்கன் உட்கார்ந்து ரெஸ்யூமேவைக் கிழித்துப் போடுவது போலப் பேசுகிறார்கள். அது முக்கியமாகச் செய்வது, ஃபைலில் இருக்கும் எழுத்துகளை உருவி எடுத்துப் பெயர், பதவி, தேதி என்று கட்டங்களில் நிரப்புவது. சிக்கல் அந்த உருவலில் வருகிறது. பி.டி.எஃப். ஃபைலுக்குள் பாரா, பத்தி என்றெல்லாம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற கணக்கு இருந்தாலே போதும். படிக்கும் வரிசையை மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. இரண்டு பத்தி என்றால் சில நேரம் இடமும் வலமும் ஒரே வரியாகக் கலந்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். என்னுடையதில் 'சீனியர் அனலிஸ்ட் புகைப்படக் கலை' என்று ஒரு புதுப் பதவி கிடைத்தது. பொழுதுபோக்கு பக்கத்துப் பத்தியிலிருந்து வந்து குடியேறிவிட்டது. போதாததற்கு, எஃப், ஐ இரண்டு எழுத்தையும் ஒட்டி ஒரே வடிவமாக அச்சடிக்கும் ஃபாண்ட் அது. ஆங்கிலத்தில் 'சர்ட்டிஃபைட்' என்று எழுதியிருந்த இடமெல்லாம் நடுவில் ஓட்டை. சாதா வேர்டு ஃபைலும் சுத்த யோக்கியன் இல்லை. போன் நம்பரையும் மின்னஞ்சலையும் மேலே ஹெட்டருக்குள் போட்டால் சில மென்பொருள்கள் அதை எட்டிக்கூடப் பார்க்காது. டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் இதே கதிதான்.

அப்புறம் மனிதர்கள். ரெஸ்யூமேவை முதல் தடவை பார்ப்பதற்கு ஆகும் நேரம் 6 விநாடி என்று லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2012-இல் சொன்னது, 2018-இல் அதையே 7.4 விநாடி என்றது. ஒரு நிறுவனம் தானே எடுத்த கணக்கு, கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு முறை எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்த கட்டு. பேனா முனையை வைத்துத் தேதிகள் மேல் மட்டும் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுப்பார். எங்கே எத்தனை வருடம், நடுவில் இடைவெளி உண்டா, அவ்வளவுதான். அதன் பிறகே மற்றதைப் படிப்பார். ஒரே பத்தி ரெஸ்யூமேக்களில் பேனா வழுக்கிக்கொண்டு போனது. டெம்ப்ளேட்டுகளில் படிப்புத் தேதி இடப்பக்கம், வேலைத் தேதி வலப்பக்கம் என்று பேனா தாவிக்கொண்டே இருந்தது. நிறப் பட்டை சாம்பலாக அச்சாகி, அதன்மேல் இருந்த மெல்லிய வெள்ளை எழுத்து கரைந்துபோயிருந்தது. ஐந்தில் நான்கு புள்ளியைப் பார்த்துவிட்டு, "இது யார் போட்ட மார்க்?" என்று கேட்டார். என் ரெஸ்யூமேவிலும் அதே புள்ளிகள் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

(போட்டோ வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாரபட்சப் புகார் வரும் என்று தவிர்க்கச் சொல்வார்கள். ஜெர்மனியில் நெடுங்காலம் வைப்பதுதான் வழக்கம்.)

இதெல்லாம் இருந்தும் நான் மாறியதற்குக் காரணம் வேறு: பராமரிப்பு. ரெஸ்யூமே ஒரு முறை செய்து பீரோவில் வைக்கும் பொருள் இல்லை, விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் கை வைக்க வேண்டியது. டெம்ப்ளேட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு ராத்திரி முழுசாகப் பார்த்தேன். நள்ளிரவோடு கெடு முடிகிற ஒரு விண்ணப்பம். கடைசி வேலையில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். வலப்பக்கப் பத்தி ஒரு வரி கீழே இறங்கியது, கீழே இருந்த பெட்டி பக்கத்தை விட்டு வெளியே போனது, இரண்டாம் பக்கம் ஒன்று பிறந்து அதில் 'மொழிகள்' என்ற ஒற்றைத் தலைப்பு மட்டும் தனியாக நின்றது. எழுத்தைச் சிறிதாக்கினேன். ஒன்பது பாயின்ட், எட்டரை. இடப்பக்கப் பட்டை அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. பதினொன்றே முக்காலுக்கு, சரி போகட்டும் என்று பழைய ஃபைலையே அனுப்பிவிட்டேன்.

அந்தப் பழைய ஃபைலில், ஐந்து மாதம் முன்பு விட்ட வேலைக்கு நேராக 'இன்று வரை' என்று இருந்தது. இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "இன்னும் அங்கேதான் இருக்கீங்களா?" இல்லை என்று சொல்லி விளக்கி முடிப்பதற்குள் எதிரில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பேனா அசைந்தது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

ஆள் எடுப்பவர்கள் சலித்துக்கொள்ளும் தவறுகளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் 'குறிக்கோள்' பகுதியில் அப்படியே இருப்பது. மாறிப்போன போன் நம்பர். கேட்ட திறமை மூன்றாவது வரியில் இருக்க வேண்டியது, பட்டையின் அடியில் ஒளிந்திருப்பது. எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூமே. எழுதுபவரின் சோம்பல் என்றுதான் இவற்றுக்குப் பெயர் வைக்கிறோம். பாதியாவது, கை வைக்கப் பயமாக இருக்கும் ஃபைலால் வருவது என்பது என் கணிப்பு. தொட்டால் கலையும் என்றால் யாரும் தொடமாட்டார்கள், தொடாத ரெஸ்யூமே மூன்று மாதத்தில் ஊசிப்போகும்.

டிசைன், விளம்பரம் போன்ற துறைகளுக்கு நான் விண்ணப்பித்ததில்லை. அங்கே அலங்காரமே தகுதிக்குச் சான்றாகலாம், என் பேச்சைக் கேட்க வேண்டாம். கல்லூரி முடித்த கையோடு எழுதுபவர்களுக்கும் என் வாதம் முழுசாகப் பொருந்தாது. சொல்ல விஷயம் குறைவு, மாற்ற வேண்டியதும் குறைவு, வெறும் வெள்ளைப் பக்கம் பயமுறுத்தும். டெம்ப்ளேட் ஏன் இழுக்கிறது என்று புரிகிறது. நோட்பேட் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள்.

மாறுவதற்கு எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. பட்டையில் இருந்த போட்டோ, புள்ளிகள், முழு முகவரி, பொழுதுபோக்கு எல்லாம் போனதும் மிஞ்சியது ஒன்றேகால் பக்கம். தேதிகளை எல்லாம் வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினேன், அந்தப் பேனாவுக்காக. கடைசியாக ஒரு விண்ணப்பத்துக்கு மாற்றியபோது கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிடம். அதில் நாலு நிமிடம் 'பொறுப்பு' என்ற சொல் ஐந்து தடவை வந்துவிட்டதே என்று வேறு சொல் தேடியது.