விண்டோஸ் 11 அப்டேட்: கொட்டி முழக்குவது ஒன்று, கைக்கு வருவது வேறு

விண்டோஸ் 11ஐ ஒரு முடிந்த பொருளாக எடுத்துக்கொண்டு விமர்சனம் எழுதுவதில் இப்போது அர்த்தமே இல்லை. 2021 அக்டோபர் 5 அன்று வந்தது வேறு, இன்று திரையில் இருப்பது வேறு. மாதாமாதம் ஏதோ சேர்கிறது, ஏதோ காணாமல் போகிறது. அதனால் அந்த அப்டேட்களைப் பற்றியும், அவற்றை மைக்ரோசாஃப்ட் நமக்கு அறிவிக்கும் லட்சணத்தைப் பற்றியும்தான் இங்கே எழுதுகிறேன். பொருள் பரவாயில்லை, நிறைய இடங்களில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேடை போட்டு அறிவிப்பதில் பாதி யாரும் கேட்காதது, உண்மையிலேயே உதவுகிற விஷயம் செட்டிங்ஸில் ஏதோ மூலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது.

மேடை போட்டதற்கு நல்ல உதாரணம் ரீகால். 2024 மே 20 அன்று பெரிய ஆரவாரத்தோடு அறிவித்தார்கள். சில நொடிகளுக்கு ஒரு முறை உங்கள் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும், "போன வாரம் பார்த்த அந்த நீலக் கலர் சட்டை" என்று தேடினால் எடுத்துக் கொடுக்கும் என்றார்கள். யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தால், திரையில் படித்த எழுத்தெல்லாம் ஒரு சாதாரண டேட்டாபேஸில், அந்தக் கணினியில் லாகின் செய்தவரின் கணக்கில் ஓடும் எந்த நிரலும் படித்துவிடக் கூடிய நிலையில் கிடந்தது. ஜூன் 18 அன்று புது கம்ப்யூட்டர்களோடு வர வேண்டியதை, அதற்குச் சில நாள் முன்பு தள்ளிப்போட்டார்கள். நீங்களாக இயக்கினால்தான் ஓடும், திறக்க முகமோ கைரேகையோ காட்ட வேண்டும், தரவு என்கிரிப்ட் ஆகியிருக்கும் என்றெல்லாம் மாற்றி, கடைசியில் 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அதுவும் கோபைலட் பிளஸ் என்று பெயர் வைத்த, தனியாக ஏஐ சிப் உள்ள கணினிகளுக்கு மட்டும். இந்தப் பாதுகாப்பையெல்லாம் முதல் நாளே செய்திருக்க முடியாதா என்ன? முடியும். மேடைக்குத் தேதி குறித்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது சத்தமில்லாமல் வந்த ஒன்றைப் பாருங்கள். ஏதாவது ஒரு நிரல் உறைந்துபோய் நின்றுவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் தேடி, அதை மூட வேண்டும், இல்லையா? 2023க்குப் பிறகு அந்தச் சுற்று தேவையில்லை. டாஸ்க்பாரில் அதன் ஐகான் மீது ரைட் கிளிக் செய்தால் 'எண்ட் டாஸ்க்' என்று நேரடியாகவே வரும், அமுக்கினால் முடிந்தது. தினமும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வசதி சமீபத்தில் வரவில்லை. ஆனால் அதை இயக்கும் பொத்தானை எங்கே வைத்தார்கள் தெரியுமா? செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதற்குள்ளே டெவலப்பர்களுக்கான பக்கம். நிரல் எழுதுகிறவர் தவிர வேறு யார் அந்தப் பக்கம் போகப்போகிறார்கள்?

இதே மாதிரி இன்னும் உண்டு. டாஸ்க்பாரில் ஒவ்வொரு விண்டோவையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியை முதலில் பிடுங்கிவிட்டு, இரண்டு வருடம் எல்லோரும் கத்திய பிறகு 2023ல் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் 2022ல் வந்தது. ஆர்ஏஆர், செவன்-ஜிப் என்று சுருக்கிக் கட்டிய ஃபைல்களை வேறு நிரல் நிறுவாமலே திறக்கலாம். நோட்பேட் இப்போது டேப்களோடு வருகிறது, மூடிவிட்டுத் திறந்தாலும் சேமிக்காத எழுத்து அப்படியே இருக்கிறது (இது ஒன்றுக்காகவே பல பாவங்களை மன்னிக்கலாம்), 1983லிருந்து இருக்கும் ஒரு நிரலுக்கு 2024ல்தான் ஸ்பெல் செக் வந்தது என்பது தனிக் கதை. பெயிண்ட் கதை இன்னும் வேடிக்கை. 2017ல் கைவிடப்போகும் பட்டியலில் அதைப் போட்டார்கள், உலகமே ஒப்பாரி வைத்ததும் மறுநாளே ஸ்டோரில் இருக்கும் என்று சமாளித்தார்கள், இப்போது அதில் லேயர் வசதி எல்லாம் இருக்கிறது. பாவம் வேர்ட்பேட், அதற்காக அழ ஆளில்லை. விண்டோஸ் 95லிருந்து கூடவே வந்ததை 24எச்2 பதிப்பில் (2024ன் இரண்டாம் பாதிக்கானது என்று அர்த்தம்) எடுத்துவிட்டார்கள்.

சரி, அப்டேட் வரும் முறைக்கு வருவோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட், 2003லிருந்து இதுதான் வழக்கம். மாதக் கடைசியில் 'ப்ரிவியூ' என்று ஒன்று வரும், அது கட்டாயமில்லை. இந்த ப்ரிவியூவில் வருவதுதான் அடுத்த மாத அப்டேட்டில் எல்லோருக்கும் போகிறது, ஆகவே அதை நிறுவுகிறவர்கள் நமக்காகச் சோதனை எலியாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் புதிய அப்டேட்களை முந்திப் பெற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. வேலைக்குப் பயன்படுத்தும் கணினியில் அதைத் தொடாதீர்கள். அதே பக்கத்தில் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு.

நிறுத்திவைப்பது எதற்கு என்று கேட்டால் 2025 அக்டோபர் 14ஐக் காட்டுவேன். அன்று வந்த மாதாந்தர அப்டேட்டை நிறுவிய கணினிகளில், ரெக்கவரி திரைக்குப் போனால் யுஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யவில்லை. கணினி கிளம்பவில்லை என்றால்தானே அந்தத் திரைக்கே போகிறோம், அங்கே போய் எதையும் அமுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ஆறாவது நாள், 20ஆம் தேதி, அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். வேகம் என்றே சொல்ல வேண்டும், அதில் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த கோளாறுகளை ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கத்தில் ஒளிக்காமல் போடுகிறார்கள், எது எந்த அப்டேட்டில் தொடங்கியது, எதில் சரியானது என்று தேதியோடு. மைக்ரோசாஃப்ட் எழுதுவதிலேயே உருப்படியான எழுத்து அதுதான் என்பது என் கட்சி. விளம்பர வாசகம் கிடையாது, "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" கிடையாது.

அந்த அக்டோபர் 14 இன்னொரு விதத்திலும் முக்கியமான நாள், விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிந்தது அன்றுதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் வேண்டும் என்ற நிபந்தனையால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் 11க்குப் போக முடியாமல் நிற்கின்றன. அவற்றுக்கு இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் திட்டத்தில் சேர்த்த புள்ளி 1000 கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் நுகர்வோர் அமைப்பு கேள்வி கேட்டதும் அந்த பேக்கப் நிபந்தனையைத் தூக்கிவிட்டார்கள். அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை என்பதற்குப் பதில் எந்த அறிவிப்பிலும் இல்லை.

எனக்கு உண்மையாகவே எரிச்சல் வருவது அப்டேட் கெட்டுப்போவதில் இல்லை, கட்டம் கட்டமாகத் திறந்துவிடுகிறார்களே அதில்தான். ஒரு வசதி வந்துவிட்டது என்று செய்தி படிப்பீர்கள், அதே பதிப்பு, அதே அப்டேட் எண், உங்கள் கணினியில் இருக்காது, பக்கத்து மேசையில் இருக்கும். புதிய ஸ்டார்ட் மெனுவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நிரல்களும் ஒரே பக்கத்தில், 'ரெகமெண்டட்' பகுதியை மறைக்கவும் வழியுண்டு, நல்ல மாற்றம். 2025 மே மாதம் அறிவித்தார்கள், அக்டோபர் கடைசி ப்ரிவியூவில் வந்தது, வந்த பிறகும் சிலருக்கு உண்டு சிலருக்கு இல்லை. நிரல் ஏற்கனவே வட்டில் இருக்கும், ஸ்விட்ச் அவர்கள் கையில். 25எச்2 பதிப்பே கிட்டத்தட்ட அப்படித்தான். 24எச்2வின் அதே அடித்தளம், சின்னதாக ஒரு பொதி இறங்கி, ஒரு ரீஸ்டார்ட் ஆகி, பதிப்பு எண் மாறியது. நிறுவுவதற்கு இது சுகம்தான். புதிதாக என்ன கிடைத்தது என்று தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்பும்.

அப்புறம் அந்த விளம்பரங்கள். 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில் ஸ்டோர் நிரல்களைக் காட்ட ஆரம்பித்தார்கள், அதையும் அப்டேட் என்றுதான் அனுப்பினார்கள். பர்சனலைசேஷன், அதில் ஸ்டார்ட், அங்கே போய் அணைத்துவிடலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அறிவிப்புகளுக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஒன்றுக்கு மேல் வராது. ஏற்கனவே 11ல் இருப்பவர்கள் 25எச்2வைத் தயங்காமல் போடலாம், மாதாந்தர அப்டேட்டை மட்டும் ஒரு வாரம் தள்ளிவைத்து, கோளாறுப் பக்கத்தை ஒரு நோட்டம் விட்டுவிட்டுப் போடுங்கள். விண்டோஸ் 10ல் இருப்பவர்கள் அந்தக் கூடுதல் வருடத்துக்குப் பதிவு செய்தீர்களா என்று விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இணைப்பு அங்கேதான் இருக்கும், வழக்கம் போல சின்ன எழுத்தில்.