மூன்று மாக் (ஒத்திகை) இன்டர்வியூ எடுத்தேன், உருப்படியானது ஒன்றுதான்

எம்பிஏ அட்மிஷன் இன்டர்வியூவுக்கு ஆளைத் தயார் பண்ணிவிடும் ஒரு ஆன்லைன் சேவையில் மூன்று செஷன் எடுத்தேன். பெயர் வேண்டாம். திட்டுவதற்காக எழுதவில்லை, பாதி நல்லாவே இருந்தது.

பணம் கட்டியதும் முதலில் வந்தது ஒரு பெரிய கேள்வி பதில் ஃபைல். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்', 'ஏன் எம்பிஏ, ஏன் இப்போது', 'தோற்றுப்போன ஒரு சம்பவம்' என்று எல்லாவற்றுக்கும் ரெடிமேட் பதில், நம் வேலை விவரத்தை நடுவில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். நானும் சமர்த்தாக மனப்பாடம் செய்துகொண்டு போய் முதல் செஷனில் கொட்டினேன். கோச் தலையாட்டினார், 'சூப்பர்' என்றார், கொஞ்சம் சிரிக்கச் சொன்னார், முடிந்தது. அப்புறம் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால், கண்ணை மேலே செருகிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இது ஏன் அவர் கண்ணில் படவில்லை என்பது இன்றுவரை புரியவில்லை. ஆனால் ரெக்கார்டிங் கொடுக்கிறார்களே, அதற்கு முழு மார்க்.

இரண்டாவது செஷனுக்கு வேறொருவர் வந்தார். என் ரெஸ்யூமே, எஸ்ஸே இரண்டையும் படித்துவிட்டு வந்திருந்தார், அது முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. 'ஒரு குழுவை வழிநடத்தி' என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். "சரி, அந்தக் குழுவில் உங்கள் திட்டத்தை எதிர்த்தது யார்? அவரிடம் போய் முதலில் என்ன பேசினீங்க?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் யோசனையே என்னுடையது இல்லை, எதிர்த்த ஆளே நான்தான், இரண்டு வாரம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் வழிக்கு வந்தேன். தயங்கித் தயங்கி அதைச் சொன்னதும், "இதை ஏன் எஸ்ஸேயில் எழுதாமல் விட்டீங்க, இதுதானே கதை" என்றார். கட்டின பணம் அந்த நாற்பது நிமிடத்துக்கே சரியாகப் போயிற்று.

பெரிய குறை, எல்லா பிசினஸ் பள்ளிக்கும் ஒரே அச்சு. ஹார்வர்டில் இன்டர்வியூ 30 நிமிடம், எதிரே இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் வருவார். இன்சியாடில் பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். எம்ஐடி ஸ்லோனில் 'என்ன செய்வீர்கள்' என்பதைவிட 'அன்றைக்கு என்ன செய்தீர்கள்' என்றுதான் குடைவார்கள். வார்ட்டனில் 5, 6 விண்ணப்பதாரர்களைச் சேர்த்து உட்காரவைத்து 35 நிமிடம் ஒரு விஷயத்தைப் பேசி முடிவுக்கு வரச் சொல்வார்கள், அங்கே சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார் என்று நினைத்தால் போச்சு. இவ்வளவு வித்தியாசத்துக்கும் இவர்களிடம் இருப்பது அந்த ஒரே ஃபைல்தான். குழு விவாதப் பயிற்சி என்று மூன்றாவது செஷனுக்குக் கூப்பிட்டார்கள், மொத்தமே என்னோடு இரண்டு பேர், அதில் மற்றவர் கடைசிவரை கேமராவே போடவில்லை. அப்புறம் என்ன விவாதம்?

எனக்கு நிஜ இன்டர்வியூ எடுத்தவர் ஒரு முன்னாள் மாணவர், கையில் ரெஸ்யூமே மட்டும்தான். கோச் படித்ததையெல்லாம் இவர் படிக்கவில்லை என்பதால் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அதற்கும் யாரும் என்னைத் தயார் செய்யவில்லை. போதாததற்கு, ரெஸ்யூமேயின் கடைசி வரியில் சும்மா போட்டு வைத்த 'செஸ்' அவர் கண்ணில் பட்டுவிட்டது. கடைசியாகத் தோற்ற ஆட்டம் எது, எங்கே கோட்டை விட்டீர்கள் என்று அதிலேயே ஐந்து நிமிடம் ஓடியது. நல்ல வேளை, நிஜமாகவே விளையாடுவேன், அவசரப்பட்டு ராணியை விட்ட கதையைச் சொன்னேன். முடிவில் 'என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா' என்றபோது ஃபைலில் இருந்த கேள்வி எதையும் எடுக்கவில்லை, அதற்கெல்லாம் பள்ளியின் வெப்சைட்டிலேயே பதில் இருக்கிறது. படிப்பை முடித்து வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் எப்படி இருந்தது என்று கேட்டேன், மனுஷன் உட்கார்ந்து பேசினார் பாருங்கள்.

ரிசல்ட், வெயிட்லிஸ்ட். சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். எடுப்பதாக இருந்தால், விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வருகிற கோச்தான் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள், ஒரு செஷன் போதும்.