எஸ்.இ.சி.யில் எந்த நாற்காலி நல்ல நாற்காலி?

அத்லெடிக் டைரக்டர் என்றதும் நம்மூர்க் கல்லூரி பி.டி. மாஸ்டரை நினைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த ஏ.டி. என்பவர் ஆண்டுக்கு நூறு மில்லியன் டாலருக்கு மேல் புழங்கும் ஒரு கடையின் முதலாளி மாதிரி. கோச்சை வைப்பது, தூக்குவது, ஸ்டேடியம் கட்டுவது, பணக்காரப் பழைய மாணவர்களிடம் போய் நிற்பது எல்லாம் அவர் தலையில். 2024 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்தபின் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் போட்டி ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யில், இப்படிப் பதினாறு நாற்காலிகள். இவற்றில் எது உட்காரத் தகுந்தது?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே கான்ஃபரன்ஸில் இரண்டு பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைக் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளமும் பெயரும் பெரிதாக இருந்த இடத்தை விட்டுவிட்டுச் சின்ன இடத்தை எடுத்தேன். காரணம் ஒன்றுதான்: பெரிய இடத்தில் ஒரு பில்லுக்கு யார் கையெழுத்து போடுவார் என்று கேட்டால், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். டிவி ஒப்பந்தம் முதலான பொது வருமானத்திலிருந்து கான்ஃபரன்ஸ் தரும் பங்கு மட்டுமே பழைய உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு ஐம்பது மில்லியன் டாலரைத் தாண்டுகிறது. மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் அது உண்டு, அலபாமாவுக்கும் உண்டு. கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு 2025 ஜூலையிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன். இது எல்லாருக்கும் ஒரே செலவு. அதைக் கொடுத்தபின் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கணக்கில் டெக்சஸ் தனி ரகம்: வருமானம் முந்நூறு மில்லியனுக்கு மேல். கிறிஸ் டெல் கான்டே 2017 கடைசியில் அங்கே வந்து இன்னும் நிலைத்திருக்கிறார். ஆனால் அவருக்குச் சற்று முன்னால் அதே நாற்காலியில் இருந்த ஸ்டீவ் பேட்டர்சன், டிக்கெட் விலை ஏற்றம் முதலான விஷயங்களில் ரசிகர்களையும் நன்கொடையாளர்களையும் பகைத்துக்கொண்டு, 2015-ல் இரண்டு ஆண்டு முடியுமுன்பே வீட்டுக்குப் போனார்.

என் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏ.டி.க்கு மேலே எத்தனை பேர்? கோச்சை அவரே தேர்ந்தெடுக்கிறாரா, தேர்ந்தெடுத்ததாகப் பத்திரிகையாளர் கூட்டத்தில் அறிவிக்க மட்டும் வருகிறாரா?

எல்.எஸ்.யு.வை, அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஸ்காட் வுட்வர்ட் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பேட்டன் ரூஜ் ஊர்க்காரர், அங்கேயே படித்தவர், 2019-ல் சொந்த ஊருக்கு ஏ.டி.யாகத் திரும்பினார். அவர் கொண்டுவந்த கோச் கிம் மல்கி 2023-ல் பெண்கள் கூடைப்பந்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவர் வைத்த கோச் ஜே ஜான்சன் 2023, 2025 இரண்டு முறையும் பேஸ்பால் பட்டம் கொண்டுவந்தார். இத்தனைக்கும் பிறகு 2025 அக்டோபர் கடைசியில் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) கோச் பிரையன் கெல்லியை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி மிச்சம் தரவேண்டியது ஐம்பது மில்லியன் டாலருக்கு மேல். உடனே மாநில கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி, அடுத்த கோச்சை வுட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். டெக்சஸ் ஏ அண்ட் எம்.மில் ஜிம்போ ஃபிஷரை வேலைக்கு வைத்தவரும் வுட்வர்ட்தான், ஃபிஷரை அனுப்ப அந்தப் பல்கலைக்கழகம் எழுபத்தைந்து மில்லியனுக்கு மேல் தரவேண்டி வந்தது என்பது கவர்னரின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மறுநாளே வுட்வர்ட் போய்விட்டார். மூன்று பட்டங்கள் ஒரு நாள் கூடத் தாங்கவில்லை.

ஆபர்ன் வேறு ரகம். அங்கே கவர்னர் தேவையில்லை, பணம் போடுகிறவர்களே போதும். ஃபுட்பால் கோச் கஸ் மால்ஸானை அனுப்ப 21 மில்லியன். அடுத்து ஏ.டி. ஆலன் கிரீன் பிரையன் ஹார்சினைக் கொண்டுவந்தார். நன்கொடையாளர்களில் ஒரு சாராருக்கு வேறு ஆள்தான் பிடித்திருந்தது என்று அப்போதே செய்தி அடிபட்டது. 2022 ஆகஸ்டில் கிரீன் போனார், அக்டோபரில் ஹார்சினும் போனார். டென்னசியில் 2017-ல் நடந்தது இன்னும் கூத்து. கிரெக் ஷியானோவை ஃபுட்பால் கோச்சாக்க ஏ.டி. ஜான் கரி ஏற்பாடு செய்தார். ரசிகர்களும் உள்ளூர் அரசியல்வாதிகளும் கொதித்தெழ, ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அது கலைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கரியின் வேலையும் போயிற்று. அவர் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அதனால் என் ஓட்டு வாண்டர்பில்ட்டுக்கு. எஸ்.இ.சி.யில் இருக்கும் ஒரே தனியார் பல்கலைக்கழகம். கவர்னர் வாய் திறக்க இடமில்லை, கேள்வி கேட்க வேண்டியவர் பல்கலைக்கழகத்தின் தலைவரான சான்சலர். சிரிக்க வேண்டாம், 2003-ல் கார்டன் கீ சான்சலராக இருந்தபோது விளையாட்டுத் துறையையே தனித் துறையாக வேண்டாம் என்று கலைத்த இடம் இது. சில ஆண்டுகள் ஏ.டி. என்ற பதவிப் பெயரே இல்லை. இன்றைக்கு அங்கே இருக்கும் கேண்டிஸ் ஸ்டோரி லீ அதே கல்லூரியில் கூடைப்பந்து ஆடி, முனைவர் பட்டம் வரை அங்கேயே படித்து, 2020-ல் எஸ்.இ.சி.யின் முதல் கறுப்பினப் பெண் ஏ.டி. ஆனவர்.

அவர் வைத்த ஃபுட்பால் கோச் கிளார்க் லீ (உறவில்லை). 2021-ல் 12 ஆட்டத்தில் 2 வெற்றி. 2023-லும் அதே 2 வெற்றி. ஆபர்னில் இந்தக் கணக்கோடு ஒருவர் கிறிஸ்துமஸ் வரை ஓட்டியிருக்க முடியாது. இங்கே விட்டுவைத்தார்கள். 2024 அக்டோபர் 5-ல் நம்பர் ஒன் அலபாமாவை 40-35 என்று சாய்த்தார்கள். மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் பிராட்வே வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லண்ட் ஆற்றில் வீசினார்கள். மைதானத்தில் கூட்டம் இறங்கியதற்குக் கான்ஃபரன்ஸ் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. பல்கலைக்கழகம் அந்தக் கம்பத்தையே துண்டு போட்டு விற்றது. கணக்குப் பிரிவு ஆளாக இந்த இடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. 2025-ல் வழக்கமான சீசன் ஆட்டங்களில் பத்து வெற்றி, அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே முதல் முறை.

குறைகளும் இருக்கின்றன. ஸ்டேடியத்தில் நாற்பதாயிரம் பேர்கூட உட்கார முடியாது, டென்னசியின் நேலண்டில் லட்சம் பேர். வீரர்களைக் காசு கொடுத்துச் சேர்க்கும் இந்தப் புதிய காலத்தில் வாண்டர்பில்ட்டின் பொறுமை எத்தனை சீசன் தாங்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது லெட்ஜர் பக்கத்திலிருந்துதான். நன்கொடையாளருடன் இரவு விருந்தில் உட்காரும் அவஸ்தை எனக்குத் தெரியாது.

ஜார்ஜியா, அலபாமா எல்லாம் நல்ல வேலைதான், யாரும் மறுக்கப் போவதில்லை. அலபாமாவில் ஃபுட்பால் கோச் நிக் சேபன் ஓய்வை அறிவித்த இரண்டே நாளில் ஏ.டி. கிரெக் பைர்ன் புது கோச்சைப் பிடித்தார். ஏ.டி.க்கு அங்கே கை கட்டப்படவில்லை என்பதற்கு அது அடையாளம்.

வயது குறைவு, மேலே போக வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு மிசிசிப்பி ஸ்டேட். பணம் குறைவுதான். ஆனால் பைர்ன் அங்கே ஏ.டி.யாக இருந்தவர், அரிசோனா போய் அலபாமா சேர்ந்தார். அடுத்து அமர்ந்த ஸ்காட் ஸ்ட்ரிக்லின் 2016-ல் ஃபுளோரிடா போனார். அவருக்கு அடுத்த ஜான் கோஹன் 2022-ல் ஆபர்ன் போனார். வரிசையாக மூன்று பேர். அந்த வேலைக்குப் போகிறவர் அந்தப் பல்கலைக்கழக ஊரான ஸ்டார்க்வில்லில் வீடு வாங்காமல் வாடகைக்கே இருந்துகொள்ளலாம்.